80 இசைத்தட்டு, 6 கேசட், ஒரு குட்டி போர்டு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். 'ம்ம்', 'அதாவது' எல்லாம் முடிந்தவரை எடுத்தாச்சு. பேச்சு வாடை மட்டும் அப்படியே இருக்கு.)



போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கத்துல ஒரு கிராமம். போகிக்கு முன்னாடி வீடு சுத்தம் பண்ணும்போது பரண் மேல ஒரு பிஸ்கட் டின் கிடைச்சுது. திறந்தா உள்ள 6 கேசட். முதல் கேசட் அட்டையில நீல மையில பெரியப்பாவோட கையெழுத்து: 'கர்ண மோட்சம். அப்பா. விடிய விடிய.'

எங்க தாத்தா கூத்து கட்டினவர். பகல்ல ராகி, நிலக்கடலை விவசாயம். திருவிழா மாசத்துல ராத்திரி கர்ணன். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே இறந்துட்டார். அவரோட ஃபோட்டோ வீட்ல ஒண்ணே ஒண்ணு இருக்கு. குரலை நான் கேட்டதே இல்லை.

கேசட்டைக் கையில வச்சுக்கிட்டு நின்னப்போ ஆயா கேட்டாங்க: "உன் போன்ல எல்லாப் பாட்டும் வருதுன்னு சொல்லுவியே, இது வருமாப்பா?"

வராது. கோடிக்கணக்கான பாட்டு இருக்கிற ஆப்ல இந்த 6 கேசட் கிடையாது. ஏன் கிடையாதுன்னு யோசிக்க ஆரம்பிச்சு, அது என்னை எடிசன் காலம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிடுச்சு. திரும்பி வரும்போது கையில ஒரு குட்டி கம்ப்யூட்டர் இருந்தது. இன்னைக்கு எபிசோடு அந்தக் கதைதான்.

பதியும் பெட்டி, பாடும் பெட்டி

எங்க மாவட்டத்துக்கு 'பதிவு' புதுசு இல்லை. தருமபுரி டவுன்ல தொல்லியல் துறையோட அகழ்வைப்பகத்துக்குப் போனீங்கன்னா நடுகற்களைப் பார்க்கலாம். மாடுகளை மீட்கப் போய்ச் செத்த வீரன், அவன் பேரு, யாரோட ஆட்சியில செத்தான், எல்லாம் வட்டெழுத்துல இருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆனாலும் ஆள் பேரு நிக்குது. ஆனா கல்லுல குரல் நிக்காது இல்லையா.

குரல் நின்ன முதல் இடம் எடிசனோட ஃபோனோகிராஃப். வருஷம் 1877. அதுல ஒரு விஷயத்தை நாம அடிக்கடி மறந்துடறோம்: அது பாடற பெட்டி மட்டும் இல்லை, பதியற பெட்டியும்கூட. பின்னாடி வந்த மெழுகு சிலிண்டர் மிஷின் ஒண்ணு வீட்ல இருந்தா, உங்க பாட்டி பாடறதை நீங்களே பதிவு பண்ணலாம். கல்கத்தாவுல எச். போஸ் என்ற தொழிலதிபர் இப்படித்தான் தாகூரோட குரலை சிலிண்டர்ல பிடிச்சார்.

10 வருஷம் கழிச்சு, 1887-ல எமில் பெர்லினர் கிராமஃபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். சிலிண்டருக்குப் பதிலா தட்டு. ஒரு அச்சை வச்சு ஆயிரக்கணக்குல நகல் எடுக்கலாம், மலிவு, அடுக்கி வைக்கவும் சுலபம். வியாபாரத்துல தட்டுதான் ஜெயிச்சது. ஆனா வீட்ல இருக்கிற கிராமஃபோன்ல எதையும் பதிய முடியாது. கம்பெனி கொடுக்கிறதைக் கேட்கலாம், அவ்வளவுதான்.

இந்த எபிசோடு முழுக்க இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் பிடிச்சுக்கோங்க. நம்ம வீட்டுக்கு வந்த இசைப் பெட்டி எல்லாத்தையும் ரெண்டா பிரிக்கலாம்: பதியும் பெட்டி, பாடும் பெட்டி. எந்தக் காலத்துல எது மலிவா கிடைச்சுதோ, அதை வச்சுத்தான் யாரோட குரல் மிஞ்சும்னு முடிவாச்சு.

1902 நவம்பர்ல கிராமஃபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவுல பதிவு பண்ண ஆரம்பிச்சார். கௌஹர் ஜான் பாடினது அப்போதான். 1908-ல கல்கத்தாவிலேயே தட்டு அச்சடிக்கற தொழிற்சாலை வந்துடுச்சு. நம்ம பக்கமும் இசைத்தட்டு நல்ல வியாபாரம். ஏவி. மெய்யப்பன் சினிமாவுக்கு வர்றதுக்கு முன்னாடி இசைத்தட்டு வியாபாரத்துலதான் இருந்தார்.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. அந்த 78 ஆர்பிஎம் தட்டுல ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிஷம். ஒரு கூத்து, ராத்திரி 10 மணிக்கு ஆரம்பிச்சு விடிய 6 மணிக்கு முடியுதுன்னா 8 மணி நேரம், 480 நிமிஷம். 3-ஆல வகுத்தா 160 பக்கம். அதாவது 80 இசைத்தட்டு!

எந்தக் கம்பெனி ஒரு கிராமத்துக் கூத்தை 80 தட்டுல போடும்? கூத்து பிடிக்காம இல்லை. அந்தப் பெட்டியோட கணக்குக்குள்ள கூத்து அடங்கலை. 3 நிமிஷத்துக்குள்ள முடியற பாட்டு உள்ள வந்துச்சு, விடிய விடிய நடக்கறது வெளிய நின்னுச்சு.

லைசென்ஸ் கட்டிக் கேட்ட ரேடியோ

அடுத்து ரேடியோ. மெட்ராஸ்ல அகில இந்திய வானொலி நிலையம் 1938-ல ஆரம்பிச்சது. தருமபுரி அப்போ தனி மாவட்டம்கூட இல்லை, சேலத்தோட இருந்தது. 1965 அக்டோபர் 2-லதான் பிரிஞ்சது. கிருஷ்ணகிரி நம்மகிட்டேயிருந்து பிரிஞ்சது 2004-ல.

வீட்ல ரேடியோ வச்சிருக்க லைசென்ஸ் வேணும்னு சொன்னா இப்ப நிறைய பேர் நம்ப மாட்டீங்க. 80-கள் வரைக்கும் போஸ்ட் ஆபீஸ்ல வருஷா வருஷம் பணம் கட்டணும். அதனால கிராமத்துல ரேடியோன்னா பொது சொத்து மாதிரி. பஞ்சாயத்து ரேடியோ, டீக்கடை ரேடியோ. சாயங்காலம் ஆனா இலங்கை வானொலி தமிழ்ச் சேவையைக் கேட்கக் கூட்டம் நிக்கும்.

ரேடியோ செஞ்சது பெரிய வேலை. ஆனா அதுவும் பாடும் பெட்டி. ஒரு பாட்டு பிடிச்சிருந்தா போஸ்ட் கார்டு போட்டு, பேரு வாசிப்பாங்களான்னு காத்திருக்கணும். மறுபடி கேட்கறது உங்க கையில இல்லை.

சட்டைப் பையில ஒரு மரத்துண்டு

இதை மாத்தினவர் லூ ஓட்டன்ஸ். நெதர்லாந்துக்காரர், பிலிப்ஸ் கம்பெனி இன்ஜினியர். அப்போ டேப் ரெக்கார்டர்னா பெரிய ரீல் மிஷின். இவர் ஒரு சின்ன மரத்துண்டை வெட்டித் தன்னோட கோட்டுப் பைக்குள்ள வச்சுப் பார்த்தார். பைக்குள்ள அடங்கற அளவுதான் மிஷின் இருக்கணும்னு முடிவு பண்ணிட்டு, அப்புறம் டிசைன் பண்ணினாங்க. 1963-ல பெர்லின் கண்காட்சியில காம்பாக்ட் கேசட் வெளிவந்தது.

கேசட்ல டேப் ஒரு நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்துல ஓடும். ஹை-ஃபை ஆளுங்களுக்கு இந்த வேகம் பத்தாது, சத்தத்துல 'உஸ்ஸ்'னு ஒரு இரைச்சல் இருந்துகிட்டே இருக்கும். ஆனா ஒரு 90 நிமிஷ கேசட்டைப் போட்டு, ரெக்கார்ட் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து அமுக்கினா, யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் பதியலாம்.

எடிசனோட பெட்டி திரும்பி வந்துடுச்சு, புரியுதா? சுமார் எழுபது, எண்பது வருஷம் கழிச்சு.

இந்தியாவுல இது 70-களோட கடைசியிலயும் 80-கள்லயும் பரவுச்சு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போனவங்க ஊருக்கு வரும்போது கையில டேப் ரெக்கார்டர் இருக்கும். பீட்டர் மேனுவல் என்ற ஆய்வாளர் 1993-ல 'கேசட் கல்ச்சர்'னு ஒரு புத்தகமே எழுதினார். வட இந்தியாவைப் பத்தினது. ஒரே ஒரு பெரிய கம்பெனி ஆதிக்கம் பண்ணிட்டு இருந்த இடத்துல, கேசட் வந்ததும் சின்னச் சின்ன ஊர்க் கம்பெனிகள் முளைச்சு, வட்டார மொழிப் பாட்டும் நாட்டுப்புறப் பாட்டும் கடைக்கு வந்துச்சுன்னு அதுல காட்டறார்.

தமிழ்நாட்லயும் நடந்தது அதேதான். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதி, புஷ்பவனம் குப்புசாமி பாடின நாட்டுப்புறப் பாட்டு எல்லாம் கேசட்லதான் பஸ்ஸுக்கும் டீக்கடைக்கும் போச்சு. அம்மன் பாட்டு, வில்லுப்பாட்டு, பட்டிமன்றம் எல்லாத்துக்கும் கேசட். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல 'ரெக்கார்டிங் சென்டர்'னு ஒரு சின்னக் கடை இருக்கும். வெள்ளைத்தாள்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தா ரெண்டு நாள்ல கேசட்ல ஏத்தித் தருவாங்க. சட்டப்படி அது தப்பு. ஆனா இன்னைக்கு நாம பண்ற பிளேலிஸ்ட், அந்த வெள்ளைத்தாளோட பேரன்.

எங்க பெரியப்பா அப்போ பெங்களூர் லைன்ல ஓடற லாரியில கிளீனர். முதல் சம்பளத்துல மிச்சம் பிடிச்சு பெங்களூர்ல ஒரு செகண்ட் ஹேண்ட் டேப் ரெக்கார்டர் வாங்கினார். அந்த வருஷத் திருவிழாவுல தாத்தா கர்ணன் வேஷம் கட்டினப்போ, ஹார்மோனியப் பெட்டிக்குப் பக்கத்துல அதை வச்சு, 45 நிமிஷத்துக்கு ஒரு தடவை கேசட்டைத் திருப்பிப் போட்டுக்கிட்டே விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

80 இசைத்தட்டு கேட்கிற 8 மணி நேரம், 6 கேசட்ல முடிஞ்சுது. எந்தக் கம்பெனிகிட்டேயும் கேட்க வேண்டியதில்லை.

வாடகை வீடு

மிச்சக் கதை உங்களுக்குத் தெரியும். சிடி வந்தது, மறுபடி பாடும் பெட்டி. அதை வீட்ல எழுதற வசதி ரொம்ப நாள் கழிச்சுத்தான் கிடைச்சுது. ஜெர்மனியில ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்துல கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க்கும் அவர் கூட்டாளிகளும் பல வருஷம் உழைச்சதுல உருவானது எம்பி3. அந்தப் பேரு முடிவானது 1995 ஜூலையில. ஒரு நிமிஷப் பாட்டு சுமார் ஒரு எம்பி. நாம காலேஜ்ல பென் டிரைவ் மாத்திக்கிட்டு சுத்தினது அதனாலதான்.

அப்புறம் ஸ்ட்ரீமிங். நான் அதைத் திட்டப் போறதில்லை, தினமும் கேட்கறேன். மாசம் ஒரு பிரியாணி காசுல உலகத்துப் பாட்டெல்லாம் வருது, பாடினவங்களுக்கும் சட்டப்படி ஏதோ போய்ச் சேருது. ஆனா அது வாடகை வீடு. என் பிளேலிஸ்ட்ல ஒருநாள் காலையில 3 பாட்டு சாம்பல் நிறத்துல மங்கிக் கிடந்தது. உரிமம் முடிஞ்சிருக்கும். வீட்டுக்காரர் சாமானை எடுத்துட்டுப் போயிட்டார், கேட்க முடியாது.

இன்னொரு விஷயம், ஸ்ட்ரீமிங் ஆப்ல ரெக்கார்ட் பட்டன் கிடையாது. 120 வருஷம் கழிச்சு நாம மறுபடி கிராமஃபோன் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கோம். ஆயாவோட கேள்விக்குப் பதில் இதுதான்.

மொஹாலி, பெங்களூர், கேம்பிரிட்ஜ்

இப்ப அந்தக் குட்டி கம்ப்யூட்டர் கதைக்கு வர்றேன். அதோட வேரு நம்ம ஊர்லயும் கொஞ்சம் ஓடுது.

1981-ல பிரிட்டன்ல ஏக்கார்ன் என்ற கம்பெனி பள்ளிப் பிள்ளைங்களுக்காக 'பிபிசி மைக்ரோ'னு ஒரு கம்ப்யூட்டர் பண்ணாங்க. 80-கள் நடுவுல இந்திய அரசு 'கிளாஸ்'னு ஒரு திட்டத்துல அதே மிஷினை நம்ம பள்ளிகளுக்குக் கொண்டு வந்தது. மொஹாலியில இருந்த அரசு நிறுவனம் செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் அதை 'யூனிகார்ன்'னு பேரு வச்சுத் தயாரிச்சது.

அதே ஏக்கார்ன்ல சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர்னு ரெண்டு பேர் ஒரு புது சிப் டிசைன் பண்ணாங்க. 1985-ல அது முதல் தடவை ஓடுச்சு. டெஸ்ட் பண்ணும்போது ஒரு வேடிக்கை நடந்துச்சு. சிப்புக்கு மின்சாரமே கொடுக்கலை, இணைப்பு விட்டுப் போச்சு. ஆனாலும் மத்த ஒயர்கள் வழியா கசிஞ்ச மின்சாரத்துல அது ஓடிட்டு இருந்துச்சு! அவ்வளவு கொஞ்சமா மின்சாரம் குடிக்கற சிப். அதுதான் 'ஆர்ம்'. உங்க பாக்கெட்ல இருக்கிற போனுக்குள்ள இருக்கிறது அதோட வாரிசு.

மலிவான கம்ப்யூட்டர் கனவு நம்ம பக்கத்து ஊர்லயும் இருந்தது. தருமபுரியிலிருந்து பஸ்ல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், பெங்களூர். அங்க இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் என்ற கம்பெனியும் சேர்ந்து 'சிம்ப்யூட்டர்' பண்ணாங்க. லினக்ஸ்ல ஓடற கையடக்கக் கம்ப்யூட்டர். படிக்கத் தெரியாதவங்களுக்கும் உதவணும்னு இந்திய மொழிகள்ல பேசற வசதியோட யோசிச்சாங்க. 2004-ல 'அமிடா'ங்கற பேர்ல கடைக்கு வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கலை. ஆனா 'மலிவான போர்டு, அதுல லினக்ஸ், டிசைன் எல்லாருக்கும் திறந்தது'ங்கற யோசனை நம்ம பக்கத்துலயே பிறந்திருந்ததுன்னு ஞாபகம் வச்சுக்கணும்.

கேம்பிரிட்ஜ்ல எபென் அப்டன் கவனிச்சது வேற. கம்ப்யூட்டர் படிக்க விண்ணப்பம் போடற பசங்க குறையறாங்க, வர்றவங்களுக்கும் முன்னாடி மாதிரி நோண்டிப் பார்த்த அனுபவம் இல்லை. பிபிசி மைக்ரோ மாதிரி ஒண்ணு, பையன் கெடுத்தாலும் அப்பா திட்டாத விலையில வேணும்னு நினைச்சாங்க. 2012 பிப்ரவரி 29-ல ராஸ்பெரி பை வெளிவந்தது. விலை 35 டாலர். ஏடிஎம் கார்டு அளவு போர்டு, அதுல ஒரு ஆர்ம் சிப், 256 எம்பி ரேம். முதல் தொகுதி 10,000 போர்டு. விக்கற கம்பெனிகளோட வெப்சைட்டே அன்னைக்கு படுத்துடுச்சு.

2015 நவம்பர்ல 'ஸீரோ' மாடல் வந்தது, 5 டாலர். அதை ஒரு பத்திரிகை இதழோட அட்டையில ஒட்டி இலவசமாவே கொடுத்தாங்க. நம்ம ஊர் வார இதழ்ல ஷாம்பு பாக்கெட் ஒட்டிக் கொடுப்பாங்களே, அப்படி ஒரு கம்ப்யூட்டர். 2021-ல வந்த 'ஸீரோ 2 டபிள்யூ' 15 டாலர். நான் வாங்கினது அது.

கம்பெனி போனாலும் பாடற பெட்டி

வீட்டு மியூசிக் சர்வர்னா என்னன்னு ஒரே வரியில சொல்றேன்: உங்க பாட்டு ஃபைல் எல்லாம் உங்க வீட்லயே ஒரு கம்ப்யூட்டர்ல இருக்கும், வீட்ல இருக்கிற எந்த ஸ்பீக்கர்லயும் போன்லயும் வைஃபை வழியா அதைக் கேட்கலாம்.

இதை முதல்ல கடைக்குக் கொண்டு வந்தவங்கள்ல ஒருத்தர் ஷான் ஆடம்ஸ். அவரோட ஸ்லிம் டிவைசஸ் கம்பெனி 2001-ல ஒரு பிளேயர் விட்டாங்க, அப்புறம் 'ஸ்க்வீஸ்பாக்ஸ்'. சர்வர் மென்பொருளை ஓப்பன் சோர்ஸா வெளியிட்டாங்க. 2006-ல லாஜிடெக் அந்தக் கம்பெனியை வாங்குச்சு. 2012-ல, அதாவது ராஸ்பெரி பை பிறந்த அதே வருஷம், ஸ்க்வீஸ்பாக்ஸை நிறுத்திட்டாங்க. 2024-ல அதோட இணைய சேவையையும் மூடிட்டாங்க.

வழக்கமா இதோட பெட்டி குப்பைக்குத்தான் போகும். ஆனா 2003-ல வாங்கின ஸ்க்வீஸ்பாக்ஸ் இன்னைக்கும் பாடுது. ஏன்னா சர்வர் கம்பெனியோட இடத்துல இல்லை, வாங்கினவங்க வீட்ல இருக்கு. மென்பொருளைப் பயன்படுத்தறவங்களே எடுத்து வளர்த்துட்டாங்க. இப்ப அதுக்குப் பேரு 'லிரியன் மியூசிக் சர்வர்'. அதை ராஸ்பெரி பையில ஓட்ட 'பைகோர்பிளேயர்'னு ஒரு சின்ன லினக்ஸ் இருக்கு. ரெண்டும் இலவசம்.

ஆயா வீட்டு சர்வர்

எனக்கு ஆன செலவு: போர்டு 1,800 ரூபாய், எஸ்டி கார்டு 400, பென் டிரைவ் 450, சார்ஜர் 350. ஸீரோ மாடல்ல ஹெட்ஃபோன் ஓட்டையே கிடையாது, அதனால டிஜிட்டலை சத்தமா மாத்தற டேக் போர்டு ஒண்ணு, 400. கேபிள், பின் எல்லாம் சேர்த்து 3,500-க்குள்ள முடிஞ்சுது. ஸ்பீக்கர், வீட்ல ஏற்கெனவே இருந்த பழைய ஆம்ப்ளிஃபையர் செட். எப்பவும் ஆன்லயே இருந்தாலும், 2 வாட்னு வச்சுக்கிட்டா மாசத்துக்கு ஒன்றரை யூனிட் கரண்டுகூட ஆகாது.

கம்ப்யூட்டர் வேலை ஒரு சாயங்காலம். கேசட் வேலைதான் மூணு வாரம்.

6 கேசட்லயும் வெள்ளைப் பூஞ்சை. ரெண்டுல டேப்பை ஹெட்டோட அழுத்திப் பிடிக்கற குட்டி ஸ்பாஞ்ச் விழுந்துடுச்சு. நாலாவது கேசட் ஓடும்போதே அறுந்து, ஒட்டு போட்டேன். நண்பர்கிட்ட கடன் வாங்கின டெக், ஹெட்டைத் துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால், லேப்டாப்ல ஆடாசிட்டி. இதுல குறுக்கு வழியே கிடையாது. 90 நிமிஷ கேசட்டுக்கு 90 நிமிஷம் ஆகும். இன்ஜினியரிங் படிச்ச நமக்கு இந்த மாதிரி வேலை கொஞ்சம் கஷ்டம், எதையும் ரெண்டு மடங்கு வேகத்துல ஓட்டிப் பழகிட்டோம்.

மூணாவது கேசட்ல ஹெட்டோட கோணத்தை ஸ்க்ரூவைத் திருப்பிச் சரி பண்ணதும் சத்தம் தெளிவாச்சு. முகவீணை, மிருதங்கம், அதுக்கு மேல ஒரு கரகரத்த குரல். ராத்திரி ரெண்டு மணி. ரூம்ல நான் மட்டும். தாத்தா குரலை 28 வயசுல முதல் தடவை கேட்டேன்.

அஞ்சாவது கேசட்லதான் இடி விழுந்துச்சு. கர்ணன் தேர்ச்சக்கரம் மண்ணுல இறங்குது, வசனம் ஆரம்பிக்குது, 'டக்'னு ஒரு சத்தம். அடுத்து ரேடியோவுல சினிமாப் பாட்டு! 22 நிமிஷத்துக்குச் சினிமாப் பாட்டு. அது முடிஞ்சு கூத்து திரும்பி வரும்போது கர்ணன் செத்துட்டான், பின்பாட்டுக்காரர் அழுதுட்டிருக்கார். விடிய விடிய நடந்த கூத்துல தாத்தாவோட உச்சக்கட்டம் மட்டும் இல்லை.

அப்பாவுக்கு போன் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "எனக்கு பதினாறு வயசுடா. வேற கேசட் கிடையாது, வாங்கக் காசும் கிடையாது. அந்தப் பாட்டு ரேடியோவுல எப்பவாவதுதான் வரும். கைக்குக் கிடைச்சதைப் போட்டுப் புடிச்சிட்டேன். அப்பா உயிரோடதான் இருந்தார், எத்தனை ராத்திரி வேணும்னாலும் பாடுவார்னு நினைச்சேன்."

கேசட் முதுகுல ரெண்டு குட்டி பிளாஸ்டிக் காது இருக்கும். அதை உடைச்சுட்டா அதுல மேல பதிய முடியாது. பெரியப்பா அதை உடைக்க மறந்துட்டார். இதுவரைக்கும் பதியும் பெட்டியோட பெருமையைப் பாடிட்டு இருந்தேன் இல்லையா? பதிய முடியற எதையும் அழிக்கவும் முடியும். அந்த 80 இசைத்தட்டு மேல யாரும் தப்பா சினிமாப் பாட்டை ஏத்திட முடியாது. ஆனா அந்தத் தட்டு வரவே வந்திருக்காது.

குட்டி கம்ப்யூட்டரும் இதுக்கு விதிவிலக்கு இல்லை. முதல்ல சாதாரண லினக்ஸ் போட்டு ஊர்ல வச்சேன். ரெண்டு நாள்ல கரண்டு போய் வந்துச்சு, எஸ்டி கார்டுல எழுதிட்டு இருந்தது பாதியில நின்னு கார்டே கெட்டுப் போச்சு. அதுக்கப்புறம்தான் பைகோர்பிளேயருக்கு மாறினேன். அது ஆன் ஆனதும் தன்னை முழுசா ரேமுக்கு ஏத்திக்கும், கார்டைத் தொடாது. பாட்டு இருக்கிற பென் டிரைவை 'படிக்க மட்டும்'னு மாத்தினேன். பெரியப்பா உடைக்க மறந்த காதை நான் மென்பொருள்ல உடைச்சேன்.

நகலும் எடுத்தாச்சு. ஆயா வீட்ல ஒண்ணு, பெங்களூர்ல என் ரூம்ல ஒண்ணு, சேலத்துல பெரியப்பா மகன் வீட்ல ஒண்ணு. வீட்டு சர்வர்னா ஒரே வீட்ல மட்டும் வச்சிருக்கறதுன்னு அர்த்தம் இல்லை. ஒரு வீட்ல இடி விழுந்தா மத்த ரெண்டும் இருக்கணும்.

சட்டத்தைப் பத்தி மெயில் வரும், இப்பவே சொல்லிடறேன். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டுக்கு நம்ம 1957 பதிப்புரிமைச் சட்டத்தோட 52-ஆவது பிரிவு இடம் கொடுக்குது. நீங்க வாங்கின சிடி, உங்க தாத்தாவோட கேசட் எல்லாம் உங்க வீட்டு சர்வர்ல இருக்கட்டும். அடுத்தவங்க பாட்டை எடுத்து நெட்ல ஏத்தறதும் விக்கறதும் வேற கதை, அதைப் பண்ணாதீங்க.

ஒரு பிரச்சனை பாக்கி இருந்தது. ஆயாவுக்கு ஆப் எல்லாம் ஆகாது. அதனால ஒரு காலிங் பெல் சுவிட்சை வாங்கி, போர்டோட பின்ல சேர்த்து, கட்டில் பக்கத்துச் சுவத்துல அடிச்சேன். ஒரு தடவை அமுக்கினா தாத்தா பாடுவார், மறுபடி அமுக்கினா நிறுத்துவார்.

அப்பாவும் அன்னைக்கு வந்திருந்தார். ஆயா சுவிட்சை அமுக்கினாங்க. முகவீணை, மிருதங்கம், அப்புறம் அந்தக் கரகரப்பு. ஆயா கொஞ்ச நேரம் தலையைச் சாய்ச்சுக் கேட்டுட்டு சொன்னாங்க: "அன்னைக்கு அவருக்குத் தொண்டை கட்டியிருந்துச்சுப்பா. இதை விட எவ்வளவோ நல்லா பாடுவார். நல்லா பாடுன நாள்ல எல்லாம் யாரும் புடிக்கல."

அந்த 22 நிமிஷம் வந்தப்போ அப்பா எழுந்து வெளிய போயிட்டார். நான் அதை வெட்டி எடுக்கலை. எங்க வீட்ல இருந்த ஒரே ஒரு டேப் ரெக்கார்டர்ல பதினாறு வயசுப் பையன் ஒருத்தன் ஆசைப்பட்டுப் பிடிச்சதும் எங்க வீட்டுப் பதிவுதான்.

உங்க வீட்டுப் பரண்லயும் ஒரு டின் இருக்கும். சர்வர் அடுத்த மாசம்கூடக் கட்டிக்கலாம், போர்டு எங்கேயும் ஓடிப் போகாது. இந்த வாரம் ஊருக்குப் போனா டின்னை இறக்கி, கேசட் முதுகுல காது உடைஞ்சிருக்கான்னு பாருங்க. உடையலைன்னா உடைச்சுடுங்க. பாடறவங்க இன்னும் உங்க கூட இருந்தா, அவங்க தொண்டை நல்லா இருக்கிற நாளாப் பார்த்து போன்ல பிடிச்சு வச்சுக்கோங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.